க்துலு

அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் உருவாக்கிய பெயர். 1928 பிப்ரவரியில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்த சிறுகதையில், பசிபிக் கடலடி நகரமொன்றில் உறங்கும், ஆக்டோபஸ் போன்ற தலையுடைய பேருருவைக் குறிக்கிறது. மண்ணைச் சுட்டும் கிரேக்கச் சொல்லான ‘க்தோன்’ இதன் வேர் என்பர் சிலர். லவ்கிராஃப்ட் தந்த விளக்கம் வேறு: மனிதத் தொண்டைக்கு அமையாத ஓர் ஒலியை மனிதர் தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்ததே இச்சொல், முதலசை அடித்தொண்டையிலிருந்து வரவேண்டும். ஆகவே ‘கதுலு’, ‘குதுலு’ என ஆளுக்கொரு விதமாக ஒலிப்பதைப் பிழையென்று தள்ள முடியாது. லவ்கிராஃப்ட் எழுதிய அண்டத் திகில் கதைகளின் ஈர்ப்பும் மனிதனுக்கு எட்டாத இந்தத் தன்மையில்தான் இருக்கிறது. சாதாரணப் பேய்க்கு மனிதன்மேல் பகையாவது உண்டு. க்துலுவுக்கு அவன் ஒரு பொருட்டே அல்ல. பின்னாளில் எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத் இக்கதையுலகை நன்மை தீமைப் போராக மாற்றினார். திகில் பாதி வடிந்துபோனது.