குளிரைத் தேடி மலையேறின பியர்

தோட்டத்துல குடியைப் பற்றிப் பேச்செடுத்தா கடன், சண்டை, கசிப்பு என்றுதான் போகும். நியாயமான பேச்சுதான். நாம இங்கே பார்க்கப்போறது அதுக்குப் பக்கத்துல கிடக்கிற இன்னொரு கதை: ஒரு தொழில் ஏன் நம்ம மலைக்கு ஏறி வந்தது, ஏன் இறங்கிப் போனது?

காய்ச்சலில் விழுந்து தேறுறதுக்காக நுவரெலியாவுக்கு வந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர். 1848இல் ஆட்கள், மாடுகள், கருவிகளோடு திரும்பி வந்து அங்கே ஒரு குடியேற்றமே அமைத்தார். 1849இல் பியர் காய்ச்சவும் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1881இல் லவர்ஸ் லீப் அருவியின் அடிவாரத்தில் சிலோன் புருவரி வந்தது. குடித்தவர்கள் துரைமார், மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் வந்து மலையேறின.

கொழும்பிலேயே காய்ச்சியிருக்கலாமே? முடியாது. பியரை ஆக்குறது ஈஸ்ட். சூடு கூடினா அது தறிகெட்டு வேலை செய்யும், பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு நெடி வரும். 1,868 மீட்டர் உயரத்தில், சராசரி 16 பாகை அளவில் இருக்கிற நுவரெலியா, இங்கிலாந்து ஏல், ஸ்டவுட் வகைகளுக்கு அளந்து வைத்த மாதிரி.

ஆனா லேகருக்கு அந்தக் குளிரும் போதாது! லேகர் ஈஸ்டுக்கு 8 முதல் 13 பாகை வேணும். பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கா ஓய்வு. 1842இல் பில்சன் நகரத்தில் ஜோசப் குரோல் பொன்னிற லேகரை எடுத்ததுக்கு வெளிறிய மோல்ட், உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர், குளிர்ந்த நிலவறை மூணும் துணை. ஸ்டவுட்டின் வறுத்த கறுப்பு பல குறைகளை மூடிவிடும். லேகர் எதையும் மறைக்காது.

வெளிநாடுகளில் டின்னில் வரும் மோல்ட் பாகை வாங்கி வீட்டில் லேகர் செய்கிறவர்கள் இதை அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிறாங்க. (இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்ச முடியாது.) லேபலில் பொன்னிறம், கிளாசில் பிளேன்டீ நிறம்! பாகைச் சுண்டக் காய்ச்சும்போதே சீனியும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும். டின் பழசானா இன்னும் கறுக்கும். வீட்டில் நீளக் கொதிக்க விட்டாலும் அப்படித்தான். அதனால புது டின், குறைஞ்ச கொதி. வெண்ணெய் வாசம் அடிச்சா, ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்னாடியே குளிர்ல போட்டாச்சுன்னு அர்த்தம். நொதிப்பு முடியிற நேரத்தில் சில நாள் 16 பாகை வரை விட்டா, தான் விட்ட அந்த வாசத்தை ஈஸ்டே தின்னுடும். நனைஞ்ச அட்டைப்பெட்டி ருசி வந்தா காற்றுப் பட்டிருக்கு. கெட்ட நாற்றம் அடிச்சா வெயில் பட்டிருக்கு. பழுப்புப் போத்தல் அதுக்காகத்தான்.

இந்தச் சிக்கல்களைப் பெரிய கம்பனிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பிடிச்சுட்டாங்க. 1870களில் கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம். 1883இல் கார்ல்ஸ்பெர்க்கில் ஹான்சன் பிரித்தெடுத்த தூய ஈஸ்ட். குளிர் குழாயில் வரத் தொடங்கினதும் மலை அவசியமில்லாமல் போச்சு. 1998இல் லயன் கம்பனி கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் புது ஆலை திறந்தது. நுவரெலியாவில் காய்ச்சுறதும் நின்றது. கணக்குப் பார்த்தா சரிதான்: துறைமுகம் கிட்ட, சந்தை கிட்ட. வேலை தேடி நம்ம பிள்ளைகள் இறங்குறதும் அதே பாதையிலதான்.

தேயிலைக் கதை வேற. ஸ்டோரில் அரைபட்ட கொழுந்து செம்பு நிறமாகிறதை 'நொதித்தல்' என்கிறாங்க. அங்கே ஈஸ்டுக்கு வேலையே இல்லை, எல்லாம் காற்றின் வேலை. பியரைக் கெடுக்கிற அதே காற்றுதான் தேயிலைக்கு நிறமும் ருசியும் தருது. எப்போ நிறுத்தி அடுப்புக்கு அனுப்பணும்னு மூக்காலும் கண்ணாலும் சொல்கிறவங்க அக்கரப்பத்தனை ஸ்டோர்களில் இருக்காங்க. பேக்கரின் பெயர் புத்தகங்களில் இருக்கு. இவர்களின் கைப்பக்குவத்தை இன்னும் யாரும் உட்கார்ந்து எழுதி வாங்கலை.