கொழுந்துக்குக் கிடைத்த காற்று

மலையகக் கட்டிடங்களை ஆராய்வோர் துரையின் பங்களாவிலிருந்தே தொடங்குவர். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்குவதே பொருத்தமெனத் தோன்றுகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. பறித்த கொழுந்து அரைபடுமுன் வாடவேண்டும்; வாடக் காற்று வேண்டும். ஆதலின் தொழிற்சாலையை மாடிமேல் மாடியாக எழுப்பி, மேல்தளங்களில் வரிசையாக யன்னல்கள் அமைத்து, சாக்குத்துணித் தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பினர். மலைக்காற்றின் இயல்பறிந்து கட்டிய கட்டிடம் அது.

அதே மலையில் எழுந்த லயம் எவ்வாறிருந்தது? இரட்டை லயத்தில், ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராவின் பின்சுவரே அடுத்த குடும்பத்துக்கும் பின்சுவர். வாசலும் இஸ்தோப்பும் ஒரே புறம்; பின்யன்னலுக்கு இடமேது? அடுப்புப் புகை உள்ளேயே சுழன்றது. சரிவில் சமநிலம் அரிதென்பதைக் காரணமாகக் கூறுவர். ஏற்பதற்கில்லை, அச்சரிவிலேதான் மாடித் தொழிற்சாலையும் நின்றது. கொழுந்து பழுதானால் நட்டம் கணக்கில் ஏறிற்று. தொழிலாளியின் இருமல் ஏறவில்லை.

கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. கொழுந்து வாடிய மேல்தளங்களில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர்; அவர்களுக்கும் காற்று தாராளம். லயக் காம்பராக்களிலோ இன்னும் பல குடும்பங்கள் வாழ்கின்றன.