பத்மினியும் உஸ்தாதும்

பிழைக்க வந்த ஊரில் வீடு பார்த்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்து முடித்த கையோடு மூன்று பேரைத் தேடிப் பிடித்துவிட வேண்டும். ஒரு டாக்டர், ஒரு சலூன்காரர், ஒரு மெக்கானிக். முதல் இரண்டு பேர் எனக்கு ஆறே மாசத்தில் கிடைத்துவிட்டார்கள். மெக்கானிக் கிடைக்க நாலு வருஷம் ஆச்சு. அதுவும் பம்பாயில்! எந்தச் சந்தில் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற ஊர் இது. (மும்பை என்றுதான் எழுத வேண்டும். செம்பூரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் வாயில் பம்பாய்தான் வருகிறது. பொறுத்தருள்க.)

அந்தச் சந்து மெக்கானிக்குகள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் குறைந்து போனார்கள் என்று யோசித்துக்கொண்டே போனால் ஒரு காரின் கதையில் போய் முட்டுகிறது. பிரீமியர் பத்மினி. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி. நம்மில் பலர் தாதர் டெர்மினஸிலோ வி.டி.யிலோ ரயிலை விட்டு இறங்கி, பெட்டி படுக்கையை மேலே கட்டி, முதன்முதலாக இந்த ஊருக்குள் போனது அதில்தான்.

கொஞ்சம் சரித்திரம். கப்பல், விமானம், கார் என்று மூன்றிலும் கை வைத்தவர் வால்சந்த் ஹீராசந்த். அவர் 1944-ல் தொடங்கியது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். குர்லாவில் தொழிற்சாலை. முதலில் அமெரிக்க கிரைஸ்லர் கம்பெனியின் வண்டிகளைக் கோத்துக் கொடுத்தார்கள். அப்போது பம்பாய்க்குக் கார் ஒன்றும் புதுசல்ல. சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்தே பாகங்களைக் கப்பலில் இறக்கி வண்டியாக்கி விற்றுக்கொண்டிருந்தது. ஃபோர்டும் இங்கே கடை போட்டிருந்தது.

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், வெறுமனே இறக்குமதி செய்து பூட்டுகிறவர்கள் மூட்டை கட்டலாம். 1954-க்குள் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தவர்களில் கார் என்று சொல்ல முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு.

பிரீமியர் 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கிலேயே கியர். எழுபதுகளில் ஃபியட் பெயர் போய், 1974-ல் சித்தூர் ராணியின் பெயரால் பிரீமியர் பத்மினி ஆனது. பெயர்தான் மாறியது. விளக்கு, கிரில், பம்பர் என்று மேல்பூச்சு மாற்றங்களைத் தவிர்த்தால், ஏறக்குறைய 2000 வரை அதே வண்டிதான். முப்பத்தைந்து வருஷம்! இத்தாலியில் அது அறுபதுகளோடு காணாமல் போய்விட்டது.

இதை நாம் லைசென்ஸ் ராஜ் அவலம் என்று சொல்லிச் சிரிப்போம். சிரிக்க வேண்டியதுதான். 1980 வாக்கில் இந்தியா மொத்தத்துக்கும் வருஷத்துக்குச் சுமார் முப்பதாயிரம் கார்தான் தயாரானது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த வண்டியின் கதவு சரியாகச் சாத்தாது. மே மாசம் சயான் சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும்.

ஆனால் அந்த அவலத்திலிருந்து யாரும் திட்டமிடாத ஒரு நல்லது முளைத்தது. முப்பத்தைந்து வருஷம் மாறாத வண்டி என்றால், அதைக் கற்றுக்கொண்ட ஒருவனுக்கு அந்தப் படிப்பு ஆயுசுக்கும் செல்லும். இருபது வயசில் கார்புரேட்டர் கழற்றப் பழகியவன் ஐம்பது வயசிலும் அதே கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் சொல்லிக் கொடுத்தது அவன் சிஷ்யனுக்கும் அப்படியே உதவியது.

இன்னொன்று, பாகங்கள். உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு அழுத்தியதால் உதிரி பாகத் தொழில் தனியாக வளர்ந்தது. அதில் நம்ம ஊர் பங்கு பெரிசு. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் (1949), பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். (1961). பம்பாய் டாக்ஸியின் வயிற்றுக்குள் மெட்ராஸ் சாமான் இருந்தது என்று சொன்னால் என் மராத்தி நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். கார் கம்பெனி தயவில்லாமல் பிஸ்டனும் ரிங்கும் டைனமோவும் கடையில் கிடைத்தன. புதுசுக்குக் காசில்லை என்றால் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில், சோர் பஜாரில் பழசு கிடைத்தது. சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்று சொன்னால் புரியும்.

இப்போது டாக்ஸி ஸ்டாண்டுக்கு வாருங்கள். பத்து வண்டி நிற்கிறது, பத்தும் ஒரே ஜாதி. ஒரு டிரைவர் கிளட்ச் பிளேட் மாற்ற எவ்வளவு கொடுத்தார், அது எத்தனை மாசம் ஓடியது என்பது சாயங்கால டீக்குள் மற்ற ஒன்பது பேருக்கும் தெரிந்துவிடும். ஏமாற்றிய மெக்கானிக் ஒரு டிரைவரை அல்ல, ஒரு ஸ்டாண்டையே இழப்பான். டூப்ளிகேட் சாமான் போட்டவர்களும், நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டவர்களும் அன்றைக்கும் இருந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வழி இருந்தது, அவ்வளவுதான். நம்பிக்கை என்று நாம் சொல்வது பாதி அந்த ஆளின் குணம். மீதிப் பாதி, அவன் சொல்வதை நம்மால் சரிபார்க்க முடிகிறதா என்பது.

இந்த ஊர் காரேஜ்களில் தலைமை மெக்கானிக்கை உஸ்தாத் என்பார்கள். சங்கீதக்காரர்களுக்குச் சொல்லும் அதே சொல். சிஷ்யன் சேலா. முதலில் டீ வாங்கி வருவான், பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். மூன்று நாலு வருஷம் போனால் பிளக் கழற்ற விடுவார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லும் அளவுக்கு வர பத்து வருஷம். எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் காதும் கையும்தான்.

இதைச் சொல்லும்போது உருகிவிடக் கூடாது. அந்த சேலாக்களில் பாதிப் பேர் பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பையன்கள். 'சோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நம்ம தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயசு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ல் அது திருத்தப்பட்டு, குடும்பத் தொழிலில் ஒத்தாசை போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதே குற்றம் என்றானது. சரியான சட்டம். நாம் இழந்தோம் என்று புலம்பும் அந்தக் கைத்திறனின் விலையை யார் கட்டினார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிற்க. மாறாத வண்டிக்கெல்லாம் இந்த யோகம் வாய்த்ததா? இல்லை. மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனியைப் பாருங்கள். 1961-ல் ஹெரால்டு, பிறகு கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் கதவு சாத்தியாகிவிட்டது. ஹெரால்டு அழகான வண்டி. அப்பா காலத்துக்காரர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் குரல் மாறும். ஆனால் எண்ணிக்கை குறைவு, டாக்ஸி ஸ்டாண்டில் அதற்கு இடமில்லை. அதனால் ஹெரால்டு தெரிந்த மெக்கானிக் ஊருக்கு இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் போனதும் வண்டிகளும் ஷெட்டுக்குள் போய்விட்டன. தெருவில் தெருவாக ஓடும் வண்டிக்குத்தான் தெருவில் வைத்தியர் கிடைப்பார்.

சரி, பத்மினிக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதையும் சந்து மெக்கானிக்குகள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள், கார்புரேட்டர் வண்டிதானே. நிஜமான அடி 2000-ஐ ஒட்டி விழுந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. எஞ்சினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டது. காது வைத்துக் கேட்டால் அது பேசாது, ஸ்கேனர் செருகினால்தான் பேசும். மாடல்களும் நாலைந்து வருஷத்துக்கு ஒன்றாக மாறத் தொடங்கின. உஸ்தாதின் முப்பது வருஷப் படிப்பு ஒரு தலைமுறைக்குள் செல்லாக்காசு ஆனது.

ஸ்கேனர் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நகரத்தில் கொஞ்சமாவது மூச்சு விட முடிய வேண்டுமே. வருத்தம் வேறு. பல கம்பெனிகள் அந்தக் கருவியையும், ரிப்பேர் விவரங்களையும், அசல் பாகங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள் பூட்டி வைத்தன. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காகப் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. பாகங்களை வெளிச்சந்தையில் விற்கவும் உத்தரவிட்டது. அப்பீல், கோர்ட் என்று பிறகு அது நீண்டது என்பது தனிக்கதை. ஆனால் ஆணையம் சொன்னதன் சாரம் டாக்ஸி ஸ்டாண்ட் நியாயம்தான். வண்டி வாங்கினவன் ஒரே கதவைத் தட்ட வேண்டிய நிலை இருந்தால், கதவுக்குப் பின்னால் இருப்பவன் சொல்வதுதான் விலை.

என் அனுபவம் ஒன்று. 2011-ல் வாங்கிய வண்டி. ஏ.சி. போட்டால் கரகரவென்று ஒரு சத்தம். ஒரு சர்வீஸ் சென்டரில் கம்ப்ரஸரையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்று பதினெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். செம்பூரில் காய்கறி வாங்குமிடத்தில் பழக்கமான டாக்ஸிக்காரர் ஒருவர் குர்லாவில் ஒரு உஸ்தாதிடம் அனுப்பினார். அவர் ஏ.சி.யைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். "கம்ப்ரஸர் நல்லா இருக்கு சாப், கிளட்ச் பேரிங்தான் போயிடுச்சு" என்று ஹிந்தியில் சொன்னார். ஆயிரத்து இருநூறு ரூபாய். கழற்றிய பேரிங்கைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்து, சுற்றிப் பார்க்கச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. அந்தப் பேரிங்கை இன்னும் வைத்திருக்கிறேன். வீட்டில் அதைப் பேப்பர் வெயிட் என்கிறார்கள் :-)

அவர் பத்மினியில் தொழில் கற்றவர். பிறகு தன் மகனை டிப்ளமா படிக்க வைத்து, ஒரு ஸ்கேனரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகன் கோடு படிக்கிறான், அப்பா காது வைக்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்பானரை எடுப்பார்கள்.

பத்மினி என்ன ஆனது? பிற்பாடு பல வண்டிகளுக்கு சி.என்.ஜி. கிட் வைத்தார்கள். டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொள்ள, பெட்டிகள் கூரைக்குப் போயின. 2008-ல் டாக்ஸிகளுக்கு 25 வருஷ உச்ச வயது வைத்தார்கள், 2013-ல் அது 20 ஆனது. கடைசியாக ஒரு பத்மினி டாக்ஸியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29-ம் தேதி, தார்தேவில். கணக்குப்படி 2023 அக்டோபர் 30 முதல் பம்பாய்த் தெருவில் பத்மினி டாக்ஸி கிடையாது. அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் காரின் படம் வந்தது. அதை ஓட வைத்தவர்களின் படம் அதிகம் கண்ணில் படவில்லை.

புது ஊருக்கு மாற்றலாகிப் போகும் நம் மக்கள் என்னிடம் கேட்பதால், இந்தச் சரித்திரத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வைத்திருந்தால், அந்த ஊரில் அதே மாடலை டாக்ஸியாக ஓட்டுகிறவர் யார் என்று பாருங்கள். அவர் எங்கே போகிறாரோ அங்கே போங்கள், கிலோமீட்டருக்குக் காசு எண்ணுகிறவருக்கு ஏமாறக் கட்டுப்படியாகாது. முதல் தடவை சின்ன வேலை கொடுங்கள், ஆயில் மாற்றுவது மாதிரி. கழற்றிய பாகத்தைக் கேட்காமலேயே காட்டுகிறாரா என்று கவனியுங்கள். "இது இன்னும் ஆறு மாசம் ஓடும், இப்போ வேண்டாம்" என்று தனக்கு வர வேண்டிய காசை ஒருத்தர் தள்ளிப்போட்டால், அவர் போன் நம்பரை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு வந்த காரேஜ் ஹிந்தி முழுக்க அப்படி நின்று பார்த்து வந்ததுதான்.

அவர் ஸ்கேனர் வாங்கியிருந்தால் இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள். அடுத்த இருபது வருஷத்துக்கு நம் வண்டிகளை ஓட வைக்கப் போகிறவர்கள் இவர்கள் பிள்ளைகள்தான்.