கொள்ளிடத்தின் வடகரை – 14: செல்வர்களை அன்றன்றே எழுதியவர்

ஏலாக்குறிச்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அடைக்கல மாதாவைத் தேடி வருகிறார்கள். தமிழ் படித்தவர்கள் வீரமாமுனிவரைத் தேடியும் வருவதுண்டு. இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகம் பாடியவர் அவர். இத்தாலியில் பிறந்து, 1710-ல் இந்தியாவுக்கு வந்து, ‘தேம்பாவணி’யையும் ‘சதுரகராதி’யையும் தமிழுக்குத் தந்த அந்த மனிதரைச் சென்ற இதழில் பார்த்தோம். அவரைச் சுற்றி வளர்ந்த ஒரு கதையிலிருந்து இந்த வாரம் தொடங்கலாம்.

திருச்சியைப் பிடித்த சந்தா சாகிபு முனிவரின் புலமையில் மயங்கி, அவரைத் தன் திவானாகவே ஆக்கிக்கொண்டார். செலவுக்கு நான்கு கிராமங்களை எழுதி வைத்தார். முனிவர் பல்லக்கில் ஏறி, குடையும் சாமரமும் சூழ ஊர்வலம் வந்தார். இதுதான் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. எழுத்தில் இது எப்போது வந்தது என்று பார்த்தால், புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822-ல் எழுதிய முனிவரின் சரித்திரத்தில் வருகிறது. ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையின் தூண்டுதலால் ஊர் ஊராகச் சென்று முனிவரின் சுவடிகளையும் செய்திகளையும் திரட்டியவர் அவர். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அப்போது முனிவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. திவான் கதையைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. முனிவர் பல்லக்கில் வந்ததை அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே எழுதி வைத்தவர் இங்கே யாரும் இல்லை.

நம் நாட்டில் பணக்காரர், பதவிக்காரர் வாழ்க்கையெல்லாம் இப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அரியலூர் மழவராயர்கள், உடையார்பாளையத்துக் காலாட்கள் தோழ உடையார்கள் என்று இந்தச் சீமையை ஆண்டவர்கள் உண்டு. அவர்களைப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பாட்டில் கொடை இருக்கும், குதிரை இருக்கும், மார்பில் மாலை இருக்கும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு கடன் வாங்கினார்கள், எந்த அதிகாரிக்கு என்ன நஜர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பாட்டில் இருக்காது.

இப்படிப்பட்ட வீட்டுச் செய்திகளையே எழுதிய ஸ்டீபன் பர்மிங்காம் என்றொரு எழுத்தாளர் அமெரிக்காவில் இருந்தார். 2015-ல் காலமானார். நியூயார்க்கின் பெரும் யூத வங்கிக் குடும்பங்களைப் பற்றி 1967-ல் அவர் எழுதிய ‘அவர் கிரவுட்’ அங்கே சக்கைப்போடு போட்டது. லேமன், செலிக்மன், ஷிஃப், லோப் என்று பெயரைச் சொன்னாலே பணம் நினைவுக்கு வரும் வீடுகள் அவை. யார் யாரை மணந்தார்கள், யார் யாரை விருந்துக்கு அழைக்கவில்லை என்பதுவரை எழுதினார். பிறகு ஐரிஷ் செல்வர்கள், கறுப்பினச் செல்வர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் யூதர் அல்லர். தலைமுறைகள் கடந்த பிறகு, வெளியே நின்று எழுதியவர்.

தமிழில் அந்த வேலையை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளே இருந்துகொண்டே செய்த ஒருவர் இருக்கிறார். அவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. வீரமாமுனிவர் காலத்தவர்தான். முனிவர் கொள்ளிடக் கரையிலும் திருச்சியிலும் நடமாடிய நாட்களில், 1736 செப்டம்பர் 6-ம் தேதி பிள்ளை தன் நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு எழுதினார். நடுவில் சில பகுதிகள் காணாமல் போயிருக்கின்றன. இருப்பதே பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்திருக்கிறது.

பிள்ளை ஏன் எழுதினார்? அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய குடும்பக் கதையைப் பார்த்தால் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. சென்னை பெரம்பூரில் 1709-ல் பிறந்த பிள்ளை சிறுவனாக இருந்தபோதே குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. அழைத்தவர் தந்தையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும்; ஊரிலேயே பெரிய கை. சேசு சபைப் பாதிரியார்களுக்கும் அவருக்கும் ஆகாது. 1716-ல் கவர்னர் எபேர் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்: சிறை, சவுக்கடி, அபராதம். மறு ஆண்டு சிறையிலேயே நைனியப்பர் இறந்தார். அவர் மகன் குருவப்பர் கப்பலேறிப் பிரான்சுக்கே போய் முறையிட்டு, கிறிஸ்தவராகி, அரசரிடம் பட்டம் பெற்றுத் திரும்பி அதே துபாஷ் பதவியில் அமர்ந்தார். 1724-ல் அவரும் போனார். சிறுவன் ஆனந்தரங்கன் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன். ஒரு காகிதம் ஒரு குடும்பத்தைச் சாய்க்கும், இன்னொரு காகிதம் தூக்கி நிறுத்தும் என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் நடப்பதை எல்லாம் குறித்து வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பாக்கு, துணி, கப்பல் என்று வியாபாரம் பெருகியது. ஆனந்தப் புரவி என்று சொந்தமாகக் கப்பலே ஓட்டினார். துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷ் ஆனார். தக்காணத்தை ஆண்ட முசாபர் ஜங் அவரை 3,000 குதிரைக்கு மன்சப்தார் ஆக்கினார். செங்கல்பட்டு ஜாகீர் வந்தது. கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே போகவும், மேளதாளத்தோடு போகவும், தங்கப்பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய வீடு ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்கள், மேல்மாடியில் ஐரோப்பியப் பாணித் தூண்கள்.

ஆக, தானே பெரும் செல்வர். தன்னைப் போன்ற செல்வர்களைப் பற்றித்தான் எழுதுகிறார். நாட்குறிப்பின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

1745-ல் நடந்த ஒரு விருந்தை எடுத்துக்கொள்வோம். அப்போது துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். இளம் வயதில் இறந்துபோன மகன் வேலவேந்திரன் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயாவுக்குக் கோயில் கட்டினார். அந்தத் திருநாளன்று ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, தட்டார், நெசவாளர், வாணியர் என்று எல்லோருக்கும் அழைப்பு. கவர்னர் முதல் வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். எந்தச் சாதிக்கு எந்தத் தோட்டம், எந்தச் சாவடி, யார் கையால் சமையல் என்று முதலியார் தனித்தனியே ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளை இவ்வளவையும் எழுதிவிட்டு, பிறகு தன் தீர்ப்பையும் எழுதுகிறார். இத்தனை செலவு செய்தும் அந்த விருந்தில் ஏதோ ஒரு குறை இருந்தது. கிறிஸ்தவக் கோயில் விழாவை இந்துக்கள் முறையில் நடத்தப் போய், அது இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நின்றது என்கிறார். முதலியார் மீது அவருக்குப் போட்டி மனம் இருந்தது உண்மை. அந்த மனம் வரிகளில் தெரியவும் செய்கிறது. ஆனாலும் அன்று யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை அவரைவிட்டால் நமக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

மறு ஆண்டு பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். சொத்து விதவைக்கா, தம்பிக்கா என்று தகராறு. விஷயம் கவர்னர்வரை போயிற்று. யார் என்ன கேட்டார்கள், யார் பக்கம் யார் பேசினார்கள் என்று பிள்ளை விலாவாரியாக எழுதியிருக்கிறார். அடுத்த துபாஷ் யார் என்ற கயிறிழுப்பு தனிக்கதை. அந்தப் பதவி கிறிஸ்தவருக்கே போக வேண்டும் என்று நின்றவர்களில் கவர்னரின் மனைவி ழான் துய்ப்ளே முக்கியமானவர். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். பிள்ளைக்கும் அந்த அம்மாளுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கவர்னர் வீட்டு வாசலில் யார் யார் காத்திருந்தார்கள், யார் கை நிறையக் கொண்டுபோனார்கள், அம்மாள் எதில் தலையிட்டார் என்பதெல்லாம் நாட்குறிப்பில் நிறைந்து கிடக்கின்றன.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் வலிப்பது 1748 செப்டம்பர் பக்கங்கள். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். சேசு சபையாரின் சம்பாக் கோயிலை ஒட்டி இருந்த வேதபுரி ஈசுவரன் கோயில் இடிக்கப்படுகிறது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடி வருகிறார்கள். தலைமைத் துபாஷ், கவர்னரிடம் தினமும் பேசுகிறவர், பல்லக்கோடு மாளிகைக்குள் போகிற உரிமை உள்ளவர். அவரால் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. தன் கையாலாகாத்தனத்தை அவர் மூடி மறைக்கவில்லை, எழுதினார். புகழ் பாடப் புலவர்கள் அவருக்கும் இருந்தார்கள். ‘ஆனந்தரங்கன் கோவை’ உண்டு, வடமொழியில் ‘ஆனந்தரங்க சம்பு’வே உண்டு. கோயில் இடிபட்ட இந்தப் பக்கங்களை அந்தப் புலவர்களில் யாரும் எழுதியிருக்க முடியாது.

நம் வடகரைக்கும் இந்த வரலாற்றில் பங்கு இருக்கிறது. முனிவர் கதையில் வருகிற அதே சந்தா சாகிபுவின் குடும்பம், 1740-ல் மராத்தியர் படையெடுப்புக்குப் பயந்து, ஆற்காட்டு நவாப் குடும்பத்தோடு பொன்னையும் பொருளையும் அள்ளிக்கொண்டு புதுச்சேரி மதிலுக்குள்தான் அடைக்கலம் புகுந்தது. பிள்ளை அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். அடுத்த ஆண்டு திருச்சி மராத்தியரிடம் விழுந்தது. சந்தா சாகிபு சிறைப்பட்டார். 1755-ல் மேசேன் தலைமையில் பிரெஞ்சுப் படை கப்பம் வசூலிக்க அரியலூர், உடையார்பாளையம் காடுகள் பக்கமே திரும்பியது. ஆங்கிலேயர் குறுக்கிட்டதால் பின்வாங்கியது. புதுச்சேரிச் செல்வர்களின் வரவு செலவுக்கும் நம்மூர் குடியானவனின் களத்து நெல்லுக்கும் இருந்த தொடர்பு இதில் தெரியும்.

பிள்ளை பதவி இழந்து, நோயில் விழுந்து, 1761 ஜனவரி 12-ல் இறந்தார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நாட்குறிப்பு வீட்டிலேயே கிடந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846-ல், கல்வா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை வந்தது. மூலமான தமிழ் அதற்கும் பிறகு, 1948 முதல்தான் அச்சேறத் தொடங்கியது. பிரபஞ்சன் அதைத் தோண்டி ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. நாவலைப் படித்தவர்கள் மூலத்தையும் ஒருமுறை புரட்ட வேண்டும். அன்றைய பேச்சுத் தமிழ் அப்படியே அதில் இருக்கிறது.

பிள்ளையோடு இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்தில் பின்வந்தவர்களும் எழுதினார்கள். அந்தக் குடும்பத்துக்கு வெளியே, புதுச்சேரி இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதியதும் கிடைத்திருக்கிறது. அப்படியானால் அரியலூர், உடையார்பாளையம், துறையூர் பாளையங்களில் கணக்கு எழுதியவர்கள், வக்கீலாக வெள்ளைக்காரனிடம் போய் வந்தவர்கள், தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர்கள் வீடுகளில் ஒன்றுமே இல்லாமலா போயிருக்கும்? ஒரு வீட்டுப் பரணில் எண்பத்தைந்து ஆண்டு கிடந்தது இன்று உலகத்துக்கே ஆவணம் ஆகியிருக்கிறது.

வடகரை வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தாத்தா வீட்டு மரப்பெட்டியில் ஏட்டுக் கட்டோ, பழுப்பேறிய கணக்குப் புத்தகமோ, கல்யாணத்துக்கு மொய் எழுதிய நோட்டோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். எழுத்துப் புரியவில்லை என்பதற்காகப் போகிப் பண்டிகையில் எரித்துவிடாதீர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுக்க மனமில்லையென்றால், படமெடுக்கவாவது அனுமதியுங்கள்.