ஆறு பாகம் தண்ணீர்

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேருக்கு ஓர் ஆசை வந்தது. படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஆழ்கடலுக்குப் போக வேண்டும், இரண்டு இரவு தங்கி மீன் பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த அன்று ராத்திரியே எக்செல் தாளும் தயார். ஆள், டீசல், ஐஸ், தூண்டில், சாப்பாடு, வாந்தி மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். எனக்கு அறந்தாங்கிப் பக்கம் என்பதால் படகு பேசும் வேலை என் தலையில் விழுந்தது.

கோட்டைப்பட்டினத்தில் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு விசைப்படகுக்காரரைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஆழ்கடலா? இங்க எங்க தம்பி ஆழம்? ஆறு பாகம் கயிறு விட்டா தரை தட்டும்."

"அப்ப ஆழம் வேணும்னா எங்கண்ணே போகணும்?"

"கோடியக்கரையத் தாண்டி வங்கக் கடலுக்குப் போகணும். நாங்க இன்னைக்குக் காலையில போனா நாளைக்குக் காலையில கரை. அதுக்கு மேல எங்களுக்குப் பழக்கம் இல்ல. டோக்கன்ல பேரு இல்லாத ஆள ஏத்திட்டுப் போனா படகக் கட்டிப் போட்ருவாங்க, அது வேற."

இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஏறக்குறைய ஆறடி. எங்கள் சுற்றுலா அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் 'அதுக்கு மேல எங்களுக்குப் பழக்கம் இல்ல' என்ற வார்த்தை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இதே ஊர்க்காரர்களை ஆழ்கடலுக்கு அனுப்ப, எங்கள் எக்செல் தாளைவிடப் பல மடங்கு பெரிய திட்டத்தை அரசாங்கமே போட்டிருந்தது.

கொஞ்சம் பின்னால் போகலாம். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள், நடுவில் தொண்டைமான்களின் நாடு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பக்கமும் அதோடு சேர்ந்தது. அப்படித்தான் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எல்லாம் புதுக்கோட்டைக்கு வந்தன. ராஜா காலத்தில் இல்லாத கடற்கரை, சுமார் 42 கிலோமீட்டர், ஒரு பொங்கல் நாளில் கிடைத்தது.

அதே வருஷம் ஜூன் மாதம் அந்தக் கடலின் நடுவே ஒரு கோடு விழுந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாக் விரிகுடாவின் எல்லை முடிவானது, கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று அதில் எழுதியிருந்தது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. ஆக, மாவட்டத்துக்குக் கடல் வந்து ஆறு மாதம்கூட ஆவதற்குள் அந்தக் கடல் பாதியாகிவிட்டது.

எல்லை போட்ட நேரத்தில்தான் எல்லைக்குள் நிற்க முடியாத படகுகளும் பெருகிக்கொண்டிருந்தன. 1950களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இயந்திரமயம் தமிழ்நாட்டுக்கும் பரவியது. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை இருந்தது. அரசு மானியம் கொடுத்து இழுவைப் படகுகளை ஊக்குவித்தது. இழுவை மடி கடலின் தரையை வழித்துக்கொண்டு போவது. பாக் விரிகுடா பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்கும் குறைவான ஆழம்; தரை சேறும் மணலும். இறாலுக்கும் மடிக்கும் இதைவிடத் தோதான இடம் வேண்டாம். வழித்து வழித்து நம் பக்கம் மெலிந்தது. நாட்டுப்படகுக்காரர்களோடு தகராறு முற்றி, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை பிரித்தார்கள்.

1983இல் இலங்கையில் போர் தொடங்கியது. வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாதபடி தடைகள் வந்தன. அவர்கள் போகாத கடலுக்கு நம் விசைப்படகுகள் போயின. உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள், சுடப்பட்டுச் செத்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு தலைமுறைக்கு அதுவே தொழில் செய்யும் இடமாகிவிட்டது. 2009இல் போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்காரர்களும் மன்னார்க்காரர்களும் வலையோடு திரும்பி வந்தபோது, அவர்கள் விரித்து வைத்த வலையை இங்கிருந்து போன மடிகள் அறுத்தன. அறுபட்டதும் தமிழர் வலை, அறுத்ததும் தமிழர் மடி. இந்த வரியை நம் பக்கம் உட்கார்ந்து எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் ஆழ்கடல் வந்தது. 2017 ஜூலை தொடக்கத்தில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடிக்குத் தடைச்சட்டம் கொண்டுவந்தது. அதே மாதம் 27ஆம் தேதி ராமேஸ்வரத்தில் பிரதமர், ஆழ்கடல் படகுகளுக்கான ஆணைகளை மீனவர்களிடம் கொடுத்தார். இழுவைப் படகை ஒப்படைத்துவிட வேண்டும். பதிலுக்கு ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் கொண்ட சூரை மீன் படகு கிடைக்கும். விலை 80 லட்சம். 40 லட்சம் மத்திய அரசு, 16 லட்சம் மாநில அரசு, 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் மீனவர் கையிலிருந்து. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்பது இலக்கு. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு.

மூன்று வருஷம் முடிந்தபோது இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. பின்னால் படகின் விலையை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்திப் பார்த்தார்கள்.

நான் மென்பொருள்காரன். பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும் வேலையில் நாங்கள் அடிக்கடி செய்யும் தப்பு ஒன்று உண்டு. பெட்டியை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்போம். அந்தப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் பழகிவைத்திருந்த நூறு பழக்கங்கள் கணக்கில் வராது. இந்தத் திட்டத்திலும் மாறியது படகு. மாறியிருக்க வேண்டியது பயணம்.

படகுக்காரரிடம் மறுபடி போனபோது இதைத்தான் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"இன்னைக்குப் பாடு இல்லன்னா ஒரு நாள் டீசலோட போச்சு. நாளன்னைக்குப் பாத்துக்கலாம். அங்க போயி ரெண்டு வாரம் கழிச்சு வெறுங்கையோட வந்தா? பேங்க்காரன் காத்திருப்பானா? சூரை எங்க மேயும்னு எங்களுக்குத் தெரியாது. அது தூத்தூர்க்காரங்க வேல. அவ்வளவு பெரிய படகு இந்தச் சேத்துல நிக்கவும் நிக்காது. ராமநாதபுரம் பக்கம் மூக்கையூர்ல கொண்டுபோய்க் கட்டணும். பொண்டாட்டி புள்ள இங்க, படகு அங்க."

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் கடலில் கிடக்கப் பல தலைமுறையாகப் பழகியவர்கள். அவர்களையும்கூட, ராமேஸ்வரத்தில் ஆணை கொடுத்த அதே வருஷ நவம்பரில் ஒக்கி புயல் கரையிலிருந்து வெகுதூரத்தில் மடக்கியது, பலர் திரும்பவில்லை. ஆழ்கடல் என்பது இடத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு தனிப் படிப்பு. ஆறு பாகத் தண்ணீரில் படித்தவரிடம் போய் நாளையே அங்கே பரீட்சை எழுது என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. மானியம் படகு முதலாளிக்கு. மடி இழுக்கும் கூலி ஆளுக்கு அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்குக்கூட இடம் இல்லை. ஆனால் கோட்டைப் பார்க்காமல் போய் மாட்டும்போது உள்ளே போகிறவர்களில் அதிகம் பேர் அந்தக் கூலி ஆட்கள்தான். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதியதில் நான்கு பேர் செத்துப்போனார்கள். அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு படகும் அப்படியே மூழ்கியது. கோட்டைப்பட்டினத்துப் பையன் ஒருவன் போனான்.

ஆழ்கடலுக்குப் போவது தப்பான யோசனை என்று நான் சொல்லவில்லை. இழுவை மடி போயே ஆக வேண்டும், அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் ஆறு பேர் சுற்றுலா போவதற்கே யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்கு வாந்தி வரும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் தாளை நிரப்பினோம். முதல் இரண்டு வருஷ நஷ்டத்தை யார் தாங்குவது, வேலையை யார் கற்றுக்கொடுப்பது, கூலி ஆளுக்கு என்ன பங்கு, இந்த மூன்று கட்டமும் 80 லட்ச ரூபாய்த் தாளில் காலியாக இருந்தன.

கடைசியில் நாங்கள் ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை கோட்டைப்பட்டினத்துக்குப் போய்விட்டு வந்தோம், கரையில் நிற்க மட்டும். டோக்கன் வாங்கிய படகுகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. எங்கள் அண்ணன் படகில் ஐந்து பேர். அதில் ஒருவனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம்.

"நாளைக்குக் காலையில வந்தீங்கன்னா நண்டு தர்றேன்" என்று கத்தினார்.

மறுநாள் விடியும் முன்னாலேயே போய் நின்றோம். படகுகளை எண்ணிக்கொண்டிருந்த பெண்களுக்குப் பக்கத்தில் நாங்களும் எண்ணினோம். அவர் படகு வந்து சேர்ந்தபோது ஏழு மணி.