டிரையல் பேலன்ஸும் சேஃப் மோடும்

கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம், வீட்டில் வைஃபை நின்றுபோனால் பையனைத்தான் கூப்பிடுவேன். இருந்தாலும் ஒரு விஷயத்தில் கணக்குப்பிள்ளையும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் பங்காளிகள் என்பது என் கட்சி. அதைச் சொல்ல 2003-க்குப் போகணும்.

மும்பையில் மழைக்காலம். மாட்டுங்காவில் ஒரு பேங்க் கிளை. நான் ஆபீசராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. கவுண்டர் வேலைக்குத் தனி சிஸ்டம் இருந்தது. அது போக, ரீஜனல் ஆபீசுக்கு அனுப்பும் ஸ்டேட்மெண்ட்களைத் தயாரிக்க மூலையில் ஒரு விண்டோஸ் 98 பெட்டி. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அது படுத்துவிட்டது. டெஸ்க்டாப் வரும், மணல் கடிகாரம் தெரியும், அப்படியே உறைந்து நிற்கும். ஸ்டேட்மெண்ட் போகாவிட்டால் சனிக்கிழமை காலை மேனேஜருக்கு போன் வரும். மேனேஜருக்கு வந்தால் எனக்கு வந்த மாதிரி.

சர்வீஸ் கம்பெனிக்காரர் திங்கள்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார். வெளி ஆளை மிஷினைத் தொடவிடக் கூடாது என்பது விதி. ஆனால் போனில் யோசனை கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை (ஹி ஹி). தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு பையன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்தான். லாமிங்டன் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி வந்து கடையிலேயே பூட்டுவான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எங்களிடம்தான் கரண்ட் அக்கவுண்ட். அவன் கடைக்கு போன் போட்டேன்.

"அண்ணே, பதறாதீங்க. இன்னிக்கு புதுசா எதாச்சும் ஏத்துனீங்களா?"

"மத்தியானம் புது பிரிண்டர் வந்தது. சிடி போட்டு ஏத்திட்டுப் போனாங்க."

"அப்ப அணைச்சிட்டு மறுபடி போடுங்க. போட்ட கையோட எஃப்8-ஐத் தட்டிக்கிட்டே இருங்க. ஒரு லிஸ்ட் வரும். அதுல சேஃப் மோடு எடுங்க."

பேங்கில் சேஃப் என்றால் பணப்பெட்டி. இது என்ன சேஃப் என்று நினைத்தபடியே தட்டினேன். வந்தது. நாலு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுத்து, ஐகான் எல்லாம் இட்லி சைஸில், 16 நிறம், 640-க்கு 480 புள்ளி. பார்க்க அழுமூஞ்சியாக இருந்தது. ஆனால் உறையவில்லை!

"கல்யாண வீட்ல நகை தொலைஞ்சா என்ன செய்வோம்ணே? விருந்தாளிங்கள எல்லாம் வெளிய உக்கார வச்சிட்டு, வீட்டு ஆளுங்க மட்டும் உள்ள இருந்து தேடுவோம்ல, அதான் இது" என்றான். இன்றுவரை இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் எழுப்புவது. மற்ற டிரைவர்கள், கூடவே தானாக ஓடும் குட்டிப் புரோகிராம்கள் எல்லாம் வாசலில். அப்படியும் மிஷின் தகராறு செய்தால் கோளாறு அடிப்படையில். செய்யாவிட்டால் திருடன் விருந்தாளிகளில் ஒருத்தன்.

யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எம்எஸ்கான்ஃபிக் என்று ஒரு கருவி, விண்டோஸ் 98-இல்தான் முதலில் வந்தது. அதில் சாதாரணமாகத் தொடங்கு, நோய் கண்டறியும் விதத்தில் தொடங்கு, தேர்ந்தெடுத்துத் தொடங்கு என்று மூன்று வழி உண்டு. மூன்றாவதை எடுத்தால் ஆரம்பத்தில் எழும் புரோகிராம்களின் பட்டியல் கிடைக்கும். எங்கள் பெட்டியில் 12 இருந்தன. "பாதியை நிறுத்திட்டுப் போட்டுப் பாருங்க. ஓடுச்சுன்னா கோளாறு நிறுத்துன பாதியில. அதுல பாதியை மட்டும் திரும்ப விடுங்க" என்றான். ஆறு, மூன்று என்று வந்து, நாலாவது முறை பிரிண்டரோடு வந்த ஒரு குட்டிப் புரோகிராம் மாட்டிக்கொண்டது. ராத்திரி எட்டரைக்கு ஸ்டேட்மெண்ட் போய்விட்டது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன்! கல்லூரியில் அல்ல, அப்பாவிடம். அப்பா ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கர். மார்ச் மாசம் டிரையல் பேலன்ஸ் இடித்தால் எல்லா லெட்ஜரையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டார். ஒவ்வொரு லெட்ஜரின் மொத்தத்தையும் ஜெனரல் லெட்ஜரோடு தனித்தனியாக ஒப்பிடுவார். ஒத்துப்போனதை ஓரமாக அடுக்குவார். ஒத்துப்போகாததற்குள் மட்டும் நுழைவார். அதற்கும் முன்னால் வித்தியாசத் தொகையை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், 72-ஐ 27 என்று போட்ட மாதிரி. 2-ஆல் வகுத்துப் பாதித் தொகையையும் தேடுவார். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும்.

இந்த வழக்கம் கம்ப்யூட்டருக்கு எப்போது வந்தது என்று பிறகு தேடித்தேடிப் படித்தேன். வால்வு காலத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1950 வாக்கில் ஓடத் தொடங்கிய விர்ல்விண்ட் என்ற மிஷினில் ஆயிரக்கணக்கான வால்வுகள். எது எப்போது சாகும் என்று தெரியாது. அதனால் வோல்டேஜை வேண்டுமென்றே ஏற்றி இறக்கி ஒரு பரிசோதனை ஓட்டுவார்களாம். பலவீனமான வால்வு அப்போதே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும், மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். திடீர் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி!

நம் மும்பைக்கும் இதில் பங்குண்டு. கொலாபாவில் இருக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் ஓடத் தொடங்கிய டிஃப்ராக்தான் இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய கம்ப்யூட்டர். 2,700 வால்வுகள், 18 அடி நீள இரும்புச் சட்டம். 1962-இல் பெயர் வைத்தவர் நேரு. கட்டிய குழுவுக்குத் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர். நான் இருக்கும் செம்பூரில் அணுசக்தி நிலையத்தில் வேலை பார்த்து ரிடையரான தமிழர்கள் நிறைய. ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் பில் கேட்ஸைத் தெரியும், நரசிம்மனைத் தெரியாது. சரி, என்ன செய்ய.

வால்வு போய் சிப் வந்த பிறகு வன்பொருள் அவ்வளவாகச் சாவதில்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, சுவிட்ச் போட்டதும் தன்னைத்தானே சோதித்து ஒரு தடவை பீப் என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். சண்டை எல்லாம் அதற்கப்புறம், மேலே ஏற்றும் மென்பொருளில். 1993-இல் டாஸ் 6-இல் எஃப்5 தட்டினால் தொடக்கக் கட்டளைகளை மொத்தமாகத் தாண்டிவிடலாம், எஃப்8 தட்டினால் ஒவ்வொரு வரியாக "இதைச் செய்யட்டுமா?" என்று கேட்கும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அதே எஃப்8-க்குள் சேஃப் மோடு குடியேறியது.

பேங்க்காரனாக எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. காவல்காரனையும் சேர்த்து வெளியே அனுப்பினால் வீடு எப்படிப் பத்திரம்? விண்டோஸ் எக்ஸ்பி ஹோமில் சேஃப் மோடுக்குப் போனால், வழக்கமாகக் கண்ணில் படாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தெரியும், பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது. 2019-இல் ஸ்னாட்ச் என்ற பணம்பறிக்கும் வைரஸ், கம்ப்யூட்டரைத் தானே சேஃப் மோடில் தொடங்கவைத்து, பாதுகாப்பு மென்பொருள் தூங்கும் நேரத்தில் ஃபைல்களைப் பூட்டியது. பழுது பார்க்கும் கதவில் திருடனும் வரலாம். இதற்கு முன்பே, விண்டோஸ் 8-இல் (2012), மிஷின் மிக வேகமாக எழுவதால் எஃப்8 வழக்கமாக வேலை செய்வதே நின்றிருந்தது. வட்டையே பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்டும் வழக்கம் ஆபீஸ்களில் பரவியது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூட்டு போட்டவன் சாவியை எங்கே வைத்தான் என்று கேட்பது என் தொழில்.

அந்தக் கேள்விக்கு உலகமே பதில் சொல்ல வேண்டிவந்த நாள் 2024 ஜூலை 19. அதுவும் வெள்ளிக்கிழமை. அன்று விடிகாலை ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், சாயந்திரம் ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள். மத்தியானம் திருவனந்தபுரம் பிளைட்டுக்கு டிக்கெட் போட்டேன். ஏர்போர்ட்டுக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். ஸ்கிரீன் பலதும் நீலம். எந்த வரிசை எந்த ஊருக்கு என்று ஊழியர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். இந்திய நேரம் காலை 9:39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அவர்களே பிறகு வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு பகுதி 21 விவரங்களை எதிர்பார்த்தது, இன்னொரு பகுதி கொடுத்தது 20. இருபது காலம் உள்ள படிவத்தில் இருபத்தோராவது காலத்தைப் படிக்கப் போன குமாஸ்தா மாதிரி, மிஷின் இல்லாத இடத்தைப் படித்து விழுந்தது. அந்த மென்பொருள் விண்டோஸின் அடிமடியில், தொடக்கத்திலேயே எழும் வகை. ஆகவே எழும், விழும், மறுபடி எழும், மறுபடி விழும். 78 நிமிஷத்தில் கம்பெனி அப்டேட்டை வாபஸ் வாங்கிவிட்டது. ஆனால் விழுந்துகிடக்கும் மிஷின் நெட்வொர்க்குக்கு வந்தால்தானே திருத்தத்தை வாங்க முடியும்? 85 லட்சம் மிஷின்கள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது. உலகில் உள்ள விண்டோஸ் மிஷின்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனால் இருந்ததெல்லாம் ஏர்போர்ட், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில். நம் பேங்குகளில் பாதிப்பு குறைவு. பத்து பேங்குகளிலும் நிதி நிறுவனங்களிலும்தான் சிறு தடங்கல் என்று ரிசர்வ் பேங்க் அன்றே அறிவித்தது.

பல மிஷின்களுக்கு மருந்து, தாராவிப் பையன் எனக்குச் சொன்ன அதே மருந்து. ஒரு ஆள் மிஷின் முன்னால் போய் நிற்கணும், சேஃப் மோடில் தொடங்கணும், 291 என்று எண் கொண்ட அந்த ஃபைலை அழிக்கணும், மறுபடி தொடங்கணும். பிறகு அடுத்த மிஷின். மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் மிஷின்களுக்கு, திரும்பத் திரும்ப அணைத்துப் போடுங்கள், சிலருக்குப் பதினைந்து தடவை தேவைப்பட்டது என்றுகூடச் சொன்னது.

வரிசையில் நின்றபடி பார்த்தேன். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒரு பையன், ஒரு கவுண்டர் மிஷின் முன்னால் குனிந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து எண்களைத் தட்டிக்கொண்டிருந்தான். பிட்லாக்கர் சாவி. 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும்படி அமைத்திருப்பார்கள். தட்டுபவன் அடுத்தடுத்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டால் வகுபடாது, தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்பாவின் ஒன்பதுக்கு இது அண்ணன். சில நிறுவனங்களில் இந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே விழுந்துவிட்டதாம்! பேங்கில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுப்பார்கள், பெட்டகத்தின் டூப்ளிகேட் சாவியை சீல் வைத்து வேறு கிளையில் ஒப்படைத்து, சாவி ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று. சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டியவனுக்கு மெமோ நிச்சயம்.

மூன்று மணி நேரம் தாமதமாக பிளைட் கிளம்பியது. கவுண்டரில் இருந்த பெண் என் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். நான் நாகர்கோவில் போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. ஸ்டென்ட் வைத்து முடித்து, ஐசியூவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். ஏன் லேட் என்று கேட்டார். கதையைச் சொல்லி, சட்டைப்பையிலிருந்த போர்டிங் பாஸை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு எழுதுனது? ஒண்ணையும் ஏழையும் நல்லாப் பிரிச்சுப் போட்டிருக்காளே."