கடிகார முகப்பும் காலச் சான்றும்

காலத்தை அறிவிக்கும் கருவியே காலத்தின் சான்றாகவும் அமைவதுண்டு. பழைய கைக்கடிகாரத்தின் முகப்பு அத்தகையது. ஓலைச்சுவடிக்கு மூலமும் படியும் உண்டு. கல்வெட்டிலும் பிற்காலப் பொறிப்பு உண்டு. அவ்வாறே முகப்பிலும் தொழிற்சாலை இட்ட எழுத்து எது, பின்னர்ப் பூசி எழுதப்பட்டது எது எனப் பிரித்தறிதல் வரலாற்றாய்வின் ஒரு சிறு கிளையே ஆகும்.

புதுச்சேரிக்கு இவ்வினா தொலைவானதன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வருமுன், இவ்வூர்த் தமிழர் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா முதலிய நாடுகளில் பணியாற்றினர். ஊர்வழக்கில் 'சொல்தா' எனப்படும் அவ்வீரர்தம் குடும்பங்களில், பாட்டனாரின் கைக்கடிகாரம் பணிக்காலத்தின் நினைவாகப் போற்றப்படுதல் இயல்பு. ஆனால் கடற்காற்றின் உப்பும் ஈரமும் முகப்பை விரைவில் கறுக்கச் செய்வன.

பாவ்ர் லூபா நிறுவனம் 1865 அளவில் பம்பாய்க்கு வந்தது. வெஸ்ட் எண்டு கடிகாரங்களும் இந்நாடெங்கும் பரவின. விடுதலைக்குப்பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார உற்பத்தியைத் தொடங்கிய பின்னரும், புதுக்கடிகாரம் எளிதில் கிட்டவில்லை. ஆகவே பழையதைப் பழுதுபார்த்து அணிவதே வழக்கமாயிற்று. மங்கிய முகப்பைச் சுரண்டி, மீண்டும் வண்ணம் பூசி, பெயரும் எண்ணும் எழுதித் தருவது அந்நாளில் நேர்மையான தொழிலாகவே விளங்கியது. எவரையும் ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. பழைய கடிகாரங்களைச் சேகரிப்போர் பெருகி, மூலமுகப்புக்குத் தனிவிலை ஏற்பட்ட பின்னரே அப்பூச்சு ஐயத்துக்குரியதாயிற்று.

மறுபூச்சை அறியும் வழிகள் சில. முதலாவது எழுத்து. தொழிற்சாலை அச்சு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்பு கூர்ந்து, மை சற்றே மேடிட்டுத் தோன்றும். மறுபூச்சில் எழுத்துத் தடித்தும் கலைந்தும் இருக்கும். இரண்டாவது அளவு. நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நில்லாமலும், சிறு வினாடி வட்டம் நடுவிலிருந்து விலகியும் காணப்படின் ஐயம் வலுக்கும். மூன்றாவது, ஆறாம் மணிக்குக் கீழே அமையும் 'ஸ்விஸ் மேட்' என்னும் சிற்றெழுத்து. பலவேளைகளில் அது விடுபட்டிருக்கும், அல்லது இடம் பிறழ்ந்திருக்கும். நான்காவது முதுமையின் ஒருமை. முட்களில் உள்ள ஒளிப்பூச்சு பழுத்து வெடித்திருக்க, முகப்பின் ஒளிப்பூச்சு மட்டும் பளிச்சென்றிருப்பின் இரண்டும் ஒருகாலத்தவை அல்ல. ஆயினும் இவற்றுள் ஒன்றைமட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் கூடாது. மூலமுகப்பிலும் சிறு குறைகள் உண்டு. அதே வகையின் ஐயமற்ற வேறொரு முகப்போடு ஒப்பிடுதலே உறுதியான வழி.

குடும்ப வரலாற்றுக்கும் முகப்புக்கும் முரண் தோன்றுவதும் உண்டு. 1954க்கு முன் சைகோனில் வாங்கியதாகச் சொல்லப்படும் ஒரு கடிகாரத்தின் முகப்பில், 'ஸ்விஸ்' என்னும் சொல்லின் இருபுறமும் 'டி' என்னும் எழுத்து இருப்பதாகக் கொள்வோம். அவ்வெழுத்து டிரிட்டியம் கலந்த ஒளிப்பூச்சின் அடையாளம். ரேடியத்துக்கு மாற்றாக அது கடிகாரங்களில் பரவியது 1960களில். ஆகவே அம்முகப்பு வாங்கிய நாளினதாக இருத்தல் அரிது. இதனால் குடும்பத்தார் சொல் பொய் என்று முடிவு கட்டுதல் தவறு. கடிகாரம் பழையதாகவே இருக்கலாம். பழுதுபார்த்தபோது முகப்பு மட்டும் மாறியிருக்கலாம். மூலம், மறுபூச்சு என்னும் இரண்டோடு, தொழிற்சாலையே பின்னாளில் அளித்த மாற்றுமுகப்பு என்னும் மூன்றாவது வகையும் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வுண்மையைப் புதுச்சேரி தன் கட்டடத்திலேயே கண்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து வீழ்ந்தது; பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அது புதிது என்பதை எவரும் மறைக்கவில்லை. ஆதலின் அதனைப் போலி என்பாரும் இலர். மறுபூச்சுப் பெற்ற முகப்புக்கும் அதே நீதி பொருந்தும். பூசியது குற்றமன்று, பூச்சை மறைத்து விற்பதே குற்றம். எனவே பழங்கடிகாரம் வைத்திருப்போர் அதனைப் பழுதுபார்த்த ஆண்டையும், மாற்றிய உறுப்பையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்தல் நலம். கழற்றிய முகப்பையும் எறிந்துவிடாது காத்தல் வேண்டும். பின்வரும் தலைமுறைக்கு அதுவே மெய்யான ஆவணமாகும்.